ஜாடிக்குச் சொந்தக்காரி

“நான் பெறலையே தவிர, இதுவும் எனக்கு ஒரு பிள்ளைதான்!” என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள் சின்ன மருமகள். அவள் மடியில் இருந்தது ஒரு கண்ணாடி ஜாடி. வாயில் வெள்ளைத் துணி கட்டி, உள்ளே கொம்புச்சா, அதாவது சர்க்கரை போட்ட டீ, புளித்துக்கொண்டிருந்தது.

“உன் கண்ணீர்ல தரை நனையுது. அப்படியே துடைச்சுட்டு எழுந்திரு” என்றாள் பெரிய மருமகள்.

இருவருக்கும் நடுவில் நின்றாள் பழரசக் கடைக்காரம்மா. சின்னவள் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு பாட்டிலைக் குடித்துப் பார்த்துவிட்டு, ‘இதைச் செஞ்ச கைக்கு என் கடையில வேலை’ என்று வீடு தேடி வந்திருந்தாள். வந்த இடத்தில், செய்தது நான்தான் என்று இருவரும் நிற்க, கைகள் நாலாகிவிட்டன.

“நான் புளிக்கவெச்சதை என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கா. வீடெல்லாம் நாத்தம்னு ரெண்டு மாசமா மூக்கைப் பொத்திட்டுத் திரிஞ்சவளுக்கு, இன்னிக்கு இது பிள்ளையாம்!”

“நான் மூக்கைப் பொத்தினது உங்க வாய்க்கு பயந்து, அக்கா. அத்தை, பாத்தீங்களா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்க!”

மாமியாருக்குச் சின்னவள் என்றால் உயிர். பெரிய மகனுக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது. இந்த வேலை கிடைத்தால் பெரியவள் தனிக்குடித்தனம் போய்விடலாம், கொழுந்தன் வீட்டுச் சோற்றைக் குத்தல் பேச்சோடு சேர்த்து விழுங்க வேண்டியதில்லை. ஆகவே பொய் சொல்லக் காரணம் அவளுக்குத்தான் இருக்கிறது என்று மாமியார் மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

“இது எப்படி உங்க வீட்டுக்கு வந்தது?” என்றாள் கடைக்காரம்மா.

“என் சிநேகிதி கொடுத்தா மேடம். கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தறேன்.” சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

“எதிர்வீட்டு நர்ஸ் கொடுத்தது. பிஸ்கட் அளவு ஒரு துண்டு” என்றாள் பெரியவள் வேண்டாவெறுப்பாக.

“அந்த நர்ஸ் போன மாசமே வீட்டைக் காலி பண்ணியாச்சு. சாட்சிக்கு ஆளில்லைங்கிற தைரியம்!” என்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள் மாமியார்.

கடைக்காரம்மா குனிந்து துணியை அவிழ்த்தாள். டீயின் மேல், ஜாடியின் அகலத்துக்கு, பாலேடு மாதிரி தடியாக ஒன்று மிதந்தது.

“இந்த ஏடுதான் டீயைப் புளிக்கவைக்குது. ரெண்டு பேருமே உங்களுதுன்னா, ஆளுக்குப் பாதியா வெட்டித் தந்துடறேன். கத்தரிக்கோல் எங்கே?”

“ஐயோ, வேண்டாம்!” சின்னவள் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “உயிருள்ளது மேடம், வெட்டினா செத்துடும்! அக்காவே வெச்சுக்கட்டும். எனக்கு வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இது உயிரோட இருந்தா போதும்!”

பெரியவள் கத்தரிக்கோலை எடுத்து வெந்நீரில் கழுவி, சுத்தமான துணியில் துடைத்து நீட்டினாள். “வெட்டுங்க. எனக்கு உலை கொதிக்குது.”

“அடிப்பாவி! கல் நெஞ்சுக்காரி!” மாமியார் கையை உதறினாள். “பெத்த மனசு எதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சா மேடம்?”

“நல்லாவே தெரிஞ்சுபோச்சு” என்றாள் கடைக்காரம்மா. சின்னவளின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். சின்னவள் அழுகைக்கு நடுவிலும் ஓரகத்தியை ஒரு பார்வை பார்த்தாள். பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் தணித்தாள்.

கடைக்காரம்மா ஜாடியை மெல்ல வாங்கி, பெரியவளின் கையில் வைத்தாள்.

“வெட்டினா இது சாகாது, ரெண்டா வளரும்னு வளர்த்தவளுக்குத் தெரியும்.”