எட்டுத் தையல்

மேற்கு ஜன்னல் வழியே வரும் சாயங்கால வெயில், கால்நடை மருத்துவரின் மேசைமேல் மயங்கிக் கிடக்கும் பூனையின் மழித்த வயிற்றில் விழுகிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. மதியம் குடலிலிருந்து எடுத்த பச்சை நூல் அதற்குள் ஒரு முழம் சுருண்டிருக்கிறது. நேற்று நூல் டப்பாவை மூட மறந்ததைத் பூனையை வளர்க்கும் தையற்காரி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மோட்டார் வைத்த தையல் மெஷினுக்காக அவள் இரண்டு வருடம் சேர்த்த பணம், அவசர அறுவைச் சிகிச்சையின் ரசீதாகக் கைப்பைக்குள் மடிந்து கிடக்கிறது. "இனி எத்தனை வருஷம் அந்தப் பழைய மெஷினைக் காலால மிதிக்கப்போறே?" என்கிறார் கணவர். "டப்பாவ நான்தாங்க திறந்து போட்டுட்டேன்." "தெரியும். நம்ம வீட்டுல தைக்கிறது நீ ஒருத்திதானே, நானும் பூனையுமா தைக்கிறோம்?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை எடுத்து, வயிற்றில் படாமல், தையல்களுக்கு மேலே பிடித்துப் பார்க்கிறாள். எட்டுத் தையல். எல்லாம் ஒரே இடைவெளி, எங்கும் சுருக்கமில்லை. "பிரிச்சுத் தைக்கவே வேண்டாம் டாக்டர்." கை கழுவிக்கொண்டிருக்கும் டாக்டரம்மா திரும்புகிறார். "அப்பாடா, நான் பாஸா?" பூனை ஒரு கண்ணை மட்டும் திறக்கிறது. அவள் விரலை முகர்ந்து, மெல்ல, குர்ரென்று ஆரம்பிக்கிறது. "கேளு, மோட்டார் ஓடுது," என்கிறார் கணவர். நாடாவைச் சுருட்ட மறந்து, அவள் கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.