மூன்றாவது லேபிள்

இரண்டாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

ராமக்காளின் புளிப் பெட்டி குளிர்பதனக் கிடங்கின் வாசலில், தள்ளுவண்டியிலேயே நின்றது. அவளுடைய மற்ற பதினொரு பெட்டிகளும் பச்சை வாங்கிக்கொண்டு சமர்த்தாக உள்ளே போய்விட்டன. இது மட்டும் முரண்டு பிடித்தது.

வாசல் கம்பத்தில் இருக்கும் கருவி பெயரையெல்லாம் படிக்காது. லேபிளுக்குள் இருக்கும் சிப் தன் நம்பரைச் சொன்னால்தான் வழிவிடும்.

அந்த லேபிள் அடிக்கும் மெஷின் சமரீனின் பொறுப்பு. மேலே பெயரை அச்சடிக்கும்போதே மெஷின் உள்ளே சிப்பில் நம்பரையும் எழுதிவிடும். சிப் சரியில்லை என்றால் லேபிள் முழுக்கக் குறுக்குக்கோடு போட்டுத் துப்பிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். மெஷின் ஒன்றும் ஏமாளி இல்லை.

ஆனாலும் சிவப்பு எரிந்தால் பழி சமரீன் மேல்தான். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் மெஷினைக் கூட வேலை பார்க்கும் சுகுணாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் கதிரவன் போன வாரமே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை.

"இன்னொண்ணு அடிம்மா. அதுக்கும் சிவப்புன்னா பெட்டியப் பிரிச்சிரலாம்" என்றார் கதிரவன்.

கிடங்கின் சட்டம் அது. போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் எடை கூட்டுவதற்காகப் புளிக்குள் இரும்புத் துண்டைச் செருகி வைத்துவிட்டான். லேபிளுக்குப் பின்னால் ஒட்டினாற்போல இரும்போ எவர்சில்வரோ இருந்தால் சிப் வாயைத் திறக்காது. அன்றிலிருந்து மூன்று சிவப்பு என்றால் கத்திதான்.

"பிரிச்சா காத்துப் பட்டுப் புளி கருத்துப் போயிருங்க" என்றாள் ராமக்காள்.

"ஒரு பெட்டி கருத்தா என்னா இப்ப?" என்றான் வாசலில் நின்ற அவள் மகன் மாதவராஜ், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பன்னிரண்டு பெட்டிகளையும் வண்டியிலிருந்து தோளில் சுமந்து இறக்கியவன் அவன்தான். இரண்டு மாதமாக அம்மா எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறான். கிணற்று மோட்டாரை அவளுக்குத் தெரியாமல் விற்றுத் தீர்த்த பிறகு வந்த பாசம் அது.

சமரீன் மூன்றாவது லேபிளை அடித்தாள். மேசைமேல் வைத்துக் கைக்கருவியைக் காட்டினாள். பச்சை. லேபிள் நன்றாகத்தான் இருந்தது. முதல் இரண்டும்கூட நன்றாகத்தான் இருந்திருக்கும்.

'பெட்டிக்குள்ளதான் சார் ஏதோ இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை தப்பித்துவிடும்.

இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. புருஷன் சோஹைலின் கைக்குக் காசு எப்போது வரும், வந்தது எந்த வழியாகப் போகும் என்று அவனுக்கே தெரியாது.

ராமக்காள் அவளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"தப்பு என்னுதுதான் சார். ரெண்டு லேபிள்லயும் நம்பரத் தப்பா எழுதிட்டேன்."

கதிரவன் புகாரைப் பதிய ஆபீஸ் அறைக்குள் போனார்.

அந்த நேரம் போதுமானதாக இருந்தது. சமரீன் இழுப்பறையிலிருந்து விரல் தடிமனில் ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்தாள். லேபிளை அதன்மேல் ஒட்டி, அதைப் பெட்டியில் ஒட்டினாள். பெட்டிக்கும் லேபிளுக்கும் நடுவே அந்த இடைவெளி போதும். வண்டியைத் தள்ளினாள்.

பச்சை எரிந்தது. மாதவராஜ் கொட்டாவி விட்டான்.

உள்ளே ராமக்காளும் சமரீனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கடைசி அடுக்கில் பெட்டியை இறக்கினார்கள். குளிரில் ராமக்காளின் பல் தந்தியடித்தது.

சமரீன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டப்பாவ நடுப்புளியில வையுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேங்கக்கா. இப்படி ஓரத்துல வச்சிருக்கீங்க?"

"வெச்சுக்கிட்டு இருக்கறப்பவே வூட்டுக்குள்ள வந்துட்டான் கண்ணு. அவசரத்துல கெடச்ச எடத்துல திணிச்சு மூடிட்டேன்."

எவர்சில்வர் டப்பா. ஒரு ஜோடிக் கம்மல், ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரம். அதைத் தேடி மாதவராஜ் பரணைக் கலைத்திருந்தான், அரிசி மூட்டையைக் கொட்டியிருந்தான், மாட்டுக் கொட்டகையைத் தோண்டியிருந்தான். இன்று காலையில் தோளில் வைத்துச் சுமந்தும் வந்திருந்தான்.

வெளியே கதிரவனின் குரல் கேட்டது. திங்கட்கிழமையிலிருந்து லேபிள் மெஷினைச் சுகுணா பார்த்துக்கொள்வாளாம்.

ராமக்காள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னால உன் பொழப்பு போச்சே கண்ணு."

"அழுவாதீங்கக்கா. சுகுணாவுக்கு எல்லாம் தெரியும்."

தெரியாமல் என்ன? அந்த அடுக்கில் செல்லியின் பெட்டிக்கு மேலே இருப்பது சுகுணாவின் பெட்டி. அதற்கும் மேலே சசிகலாவுடையது. இப்படி டப்பா ஒளித்த பெட்டிகள் ராமக்காளுடையதோடு ஒன்பதாகிவிட்டன. நாலு வருஷமாக ஒன்றுகூட வாசலில் சிவப்பு காட்டியதில்லை, இதையும் முதலாவதையும் தவிர.

அந்த முதல் பெட்டி அடித்தட்டில் இருந்தது. அதுவும் அவசரத்தில் அடைத்ததுதான். அதன் லேபிளுக்கு அடியிலும் ஒரு தெர்மாகோல் துண்டு, ஓரமெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது.

லேபிளில் அச்சடித்திருந்த பெயர் சமரீன்.