பையில் ஒட்டிய முகவரி

மகன் கல்யாணத்தில் குடித்தவர் எவரும் தெருவில் கிடந்து மானத்தை வாங்கிவிடக் கூடாதென்று, வியாபாரிகள் சங்கத் தலைவர் வல்லிநாயகம் அவரவர் முகவரியைத் தாம்பூலப் பையிலேயே ஒட்டிவைத்தார். "ஆளைப் பாக்காத, பையைப் பாத்து இறக்கு" என்று அவர்களை வீட்டில் விடும் வேன்காரருக்கு உத்தரவு. குடித்தவர்களோ பெரிய தேங்காய்க்கு ஆசைப்பட்டுப் பைகளை மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் எந்த வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை. "என் ஏற்பாடு எப்படி?" என்றபடி கடைசி நடையில் தலைவரும் ஒரு பையோடு ஏறினார். "நான் நிதானமாத்தான் இருக்கேன். நேரா என் வீட்டுக்கு விடு." அவர் வீட்டுக் கதவைத் திறந்த அவர் மனைவி உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு அப்பவே வந்து தூங்கிட்டாரு."

வல்லிநாயகம் தன் பையைப் பார்த்தார். தேங்காய் பெரிதாகத்தான் இருந்தது. வேன்காரர் அதை வாங்கி முகவரியைப் படித்தார்.

"ஏறுங்க தலைவரே, பக்கத்துத் தெருதான்."