அண்ணன் கேட்ட கேள்வி

"முழங்காலை நீட்டுற தசை எது?"

செல்போனில் ஏற்றியிருந்த பிசியோதெரபி கேள்வி-பதில் சாஃப்ட்வேரைப் பார்த்தபடி, கட்டிலில் கிடந்த மதன் கேட்டான்.

தங்கை விஜயராணி கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். ஜீப் கவிழ்ந்து அண்ணன் படுக்கையில் விழுந்ததும், அவனை நடக்க வைக்க வேண்டுமென்றுதான் அட்டுவம்பட்டி வீட்டில் அவளை இந்தப் படிப்பில் சேர்த்தார்கள். லீவுக்கு வந்தாலும் அவன் விடமாட்டான். முதலில் அவளுக்குக் கேள்வி, அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு தன் காலுக்குப் பயிற்சி.

"என்னால முடியலண்ணே. எனக்கு இந்தப் படிப்பே பிடிக்கல. ஒனக்காகத்தான் மூச்சுமுட்டிக் கெடக்கேன். நிறுத்திரட்டா?"

மதன் செல்லைக் கீழே வைத்தான்.

"நிறுத்தினா அடுத்த முகூர்த்தத்துலயே ஒன்னைய மாமன் மகனுக்குக் கட்டி வச்சிருவாங்க, புள்ள."

"அதுக்காக? நீ நடக்க வேணாமா?"

"மெதுவாப் பேசு, அம்மா அடுப்படியில இருக்கு. இனி நடக்க முடியாதுன்னு டாக்டர் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. அதை நான் வீட்டுல சொல்லியிருந்தா, ஒன்னையக் காலேஜுக்கு அனுப்பியிருப்பாங்களா?"

விஜயராணி விசும்பிவிட்டாள்.

"அங்க என்னடி சத்தம்?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

அவள் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. படிச்சுக்கிட்டு இருக்கேன்."