இளைக்க வேண்டியவன்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி எடை மெஷினில் ஏறினான்.

அதே எண்தான்.

கைக்கடிகாரத்தைக் கழற்றினான். சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்தோடு நாலு கிலோ போய்விடும் என்று நம்புகிற மனிதர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

"போன மாசத்துக்கு ரெண்டு கிலோ கூடத்தான் இருக்குதுங்க சார்."

கூட. குறைய வேண்டிய இடத்தில் கூட.

டாக்டர் திட்டவில்லை. இந்த எடையில் ஆபரேஷன் செய்தால் கொடுப்பவருக்கு ஆபத்து, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். போன முறையும் இதையேதான் சொன்னார். தைராய்டு பார்த்தாயிற்று. சர்க்கரை பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். டயாலிசிஸ் முடிந்த கை கட்டோடு மடியில் கிடந்தது. இன்னொரு கையில் வளையல் முழங்கைவரை ஏறிப்போயிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் எளைக்கிறதெல்லாம் உங்க மேல வந்து ஏறிக்குது போலருக்குங்ண்ணா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான். அழுகையாக வந்தது.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்று தெரிந்த அன்று, யாரும் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தவன் அவன்தான். என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்றான். தங்கை கணவருக்கு ரத்தவகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அவனுடையது அச்சாகப் பொருந்தியது. சொந்தபந்தமெல்லாம் அவனைச் சாமி என்றது. தங்கை கணவர் எல்லோர் முன்னாலும் காலில் விழப்போனார்.

அவன் மனைவி சுகுணா வெறுமனே சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து அவன் பக்கத்தில் படுக்காமல், இரண்டு பெண் குழந்தைகளுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவன் வாயைக் கட்டினான். சோறு கிடையாது. டீயில் சர்க்கரை கிடையாது. விருந்துக்குப் போனால் மோர் மட்டும் குடித்துவிட்டு வந்தான். விடிவதற்கு முன்பே எழுந்து பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றினான். முழங்கால் கெஞ்சும்வரை சுற்றினான். மூன்று வேளையும் சுகுணா போட்டுத்தரும் எண்ணெய் இல்லாத சப்பாத்தி, வேகவைத்த காய்.

இருந்தும் பேண்ட் இடுப்பில் இறுகியது.

ஒளித்து ஒளித்துத் தின்கிறான் என்று தங்கையின் புகுந்த வீட்டில் யாரோ பேசியது அவன் காதுக்கும் வந்தது. சண்டைக்குப் போகவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு அலைவது அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், நடையைப் பாதியில் மழை கெடுத்தது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். கொடியில் துண்டு கிடக்கும் என்று பின்பக்கம் போனான்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

சுகுணா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய உருக்கிய வெண்ணெய். இன்னொன்றில் அரைத்த முந்திரி. இரண்டையும் மாவின் நடுவில் வழித்து ஊற்றினாள். வாசம் தெரியாமலிருக்க ஓமத்தைக் கசக்கிப் போட்டாள். செரிமானத்துக்கு நல்லது என்று அவனிடம் சொல்லியிருந்த ஓமம்.

அழுதுகொண்டே பிசைந்தாள். சத்தம் வரவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தபோது கன்னத்தில் மாவு ஒட்டியது.

ஆறினாலும் பஞ்சாக இருக்கிற சப்பாத்தி. கம்பெனியில் கூடச் சாப்பிடுகிறவர்கள் பிய்த்துப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். எல்லாம் கைப்பக்குவம் என்று அவன் பெருமையடித்திருக்கிறான்.

கோபம் வரவேண்டும். உள்ளே போய் அந்த மாவுத் தட்டை எட்டி உதைக்கவேண்டும். உன் கூடப்பிறந்தவளாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று கேட்கவேண்டும். கோபம் வரட்டும் என்று மழையில் நின்றான்.

வரவில்லை.

கத்தியை நினைத்து, மயக்க மருந்தை நினைத்து, கண்விழிக்காமலே போய்விட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு யார் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் இறுகிக் கிடந்தது ஒன்று. அது தளர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

அப்படி இருந்ததற்குக் கூசிப்போனான்.

சத்தம் போடாமல் முன்பக்கம் வந்தான். தெருவில் இறங்கி நின்றான். பிறகு கேட்டைப் பலமாகத் திறந்தான். பலமாக மூடினான். இருமினான். செருப்பை உதறினான்.

உள்ளே பாத்திரங்கள் அவசர அவசரமாக இடம் மாறின. அந்தச் சத்தம் அடங்கும்வரை வாசலிலேயே நின்றான்.

"நனைஞ்சுட்டீங்களா? தலையத் துவட்டிட்டு உட்காருங்க. சூடாப் போட்டுத் தர்றேன்."

இரண்டு வைத்தாள். எப்போதும் இரண்டுதான். மெதுவாக மென்று சாப்பிட்டான்.

செல்போன் அடித்தது. தங்கை. அவள் பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கும்வரை எச்சில் கையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தட்டை நகர்த்தினான்.

"இன்னொண்ணு வை."

சுகுணாவின் கை நின்றது. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

ஒன்று வைத்தாள்.

கொஞ்சம் பொறுத்து, அவன் கேட்காமலே, இன்னொன்றும் வைத்தாள்.