பன்னிரண்டாம் அறை நிறைந்தது

மாரித்தாய் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டிலிருந்த கைரேகை மிஷினில் வைத்தாள்.

'பன்னிரண்டாம் அறை நிறைந்தது. பேக்கிங் போகவும்' என்று திரையில் வந்தது.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஐந்தாவதாக நின்ற பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமிதான் அதிகம் சிரித்தாள். பன்னிரண்டாம் அறையில் இன்னும் ஈ, காக்கைகூட இல்லை. இன்று மாரித்தாய்தான் முதல் ஆள். இதற்காகவே இருட்டோடு எழுந்து முதல் வேனைப் பிடித்திருந்தாள்.

பன்னிரண்டு, பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் அறை. பேக்கிங்கைவிட இரண்டு பங்கு கூலி. ஆபத்தும் அங்கேதான். சட்டப்படி நான்கு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. முதலில் விரல் வைக்கும் நான்கு பேருக்கு அறை, மற்றவர்களுக்குப் பேக்கிங்.

மிஷின் வந்த நாளிலிருந்து மாரித்தாய்க்குப் பேக்கிங்தான். தான் பிந்திவிட்டதாக முதலில் நினைத்தாள். பிறகு ரேகை தேய்ந்துவிட்டதோ என்று விரலில் தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தாள். நேற்று போர்மேன் ராஜபாண்டியனிடம் சண்டைக்கே போய்விட்டாள். அவர் மிஷினைக் கொடுத்த சாத்தூர்க் கம்பெனிக்குப் போன் போட்டு, புரோகிராம் எழுதிய ஆளையே அனுப்பச் சொன்னார்.

எழுதிய ஆள் மாரித்தாயின் மகள் அருணாதேவி. அம்மாவோடு அதே வேனில்தான் வந்து இறங்கினாள். மகள் கை பட்டால் மிஷின் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும் என்று மாரித்தாய் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வரிசையை அப்படியே நிறுத்திவைத்தார் போர்மேன். கேட் ஆபீசில் அருணாதேவி லேப்டாப்பைத் திறந்தாள். அவருக்கு விளக்கம் வேண்டுமாம்.

சொன்னாள். புரோகிராம் சி ஷார்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அதில் ஒவ்வோர் அறையும் ஓர் ஆப்ஜெக்ட், பூட்டிய பெட்டி மாதிரி. உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கை அந்த அறையே வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் அதில் கை வைக்க முடியாது. ஐந்தாவது விரல் பட்டால் அறை ஓர் எக்ஸப்ஷனை, அதாவது முடியாது என்ற செய்தியை, எறியும். அதைப் பிடித்துத்தான் மிஷின் 'நிறைந்தது' என்று காட்டுகிறது.

ஆளே இல்லாத அறை எதற்கு எறிகிறது என்று கேட்டார் போர்மேன்.

நியாயமான கேள்வி. அருணாதேவி திரையை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

வெளியே லோடு ஏற்ற லாரி வந்தது. சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டு அவர் போனார்.

மாரித்தாய் உள்ளே வந்து மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரை முழுக்க இங்கிலீஷ். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மகள் எழுதியது என்பதால் ஆசையாகப் பார்த்தாள்.

ஒரு வரியில் கண் நின்றது.

இங்கிலீஷுக்கு நடுவே 207 என்று இருந்தது. எண் எந்த மொழியிலும் எண்தான். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையிலும் 207.

அட்டையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அருணாதேவி தலையைத் தூக்கவில்லை. அம்மா கத்துவாள் என்று பயந்தாள்.

மாரித்தாய் வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"இது என் நம்பருல்லட்டி? எடுத்துரு. எனக்குப் பதிலா தெனமும் செல்வலட்சுமியில்ல உள்ள போறா."

அருணாதேவிக்கு இது உறைத்ததே இல்லை. அம்மா உள்ளே போகக் கூடாது என்றுதான் அந்த வரியை எழுதினாள், அதோடு அவள் யோசனை முடிந்திருந்தது. நான்கு பேர் என்று எழுதியவளே அவள்தான். அந்த இடம் ஒருநாளும் காலியாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

வரியை அழித்தாள். புரோகிராமை மறுபடி ஓடவிட்டாள்.

போர்மேன் வந்து கேட்டபோது, சின்னத் தப்புதான், சரியாகிவிட்டது என்று மாரித்தாயே சொன்னாள்.

அவள் விரலுக்கு மிஷின் வழிவிட்டது. பின்னால் நின்ற மூன்று பேருக்கும் விட்டது. செல்வலட்சுமி வைத்தபோது 'நிறைந்தது' என்றது.

"இம்புட்டு நாளும் ஒழுங்காத்தான இருந்துச்சு! மகளக் கூட்டியாந்து என்னத்தயோ பண்ணிப்புட்டா" என்று முனகிக்கொண்டே அவள் பேக்கிங் பக்கம் போனாள்.

ஜன்னல் வழியே, பன்னிரண்டாம் அறை வாசலில் அம்மா செருப்பைக் கழற்றி வைப்பதை அருணாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள்.