பால் கொடுக்கும் நேரம்

பத்து மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போன செல்லாயி இன்னும் தேயிலை மலைக்குத் திரும்பவில்லை. மற்றத் தாய்மார் வந்து கொழுந்து பறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“தினமும் இதே கூத்து! இன்னைக்கு அவளுக்கு அரைப் பேர்தான். பாதிச் சம்பளம் போனாத்தான் புத்தி வரும்,” என்றார் புதுக் கங்காணி கந்தப்பன்.

“பிள்ளைக்காரி வயித்துல அடிக்காதீங்க கங்காணி. அது மெதுவாத்தான் குடிக்கும்,” என்றாள் வீரம்மா. நிரையில் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

கந்தப்பன் விறுவிறுவென்று, தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினார். வாசலில் ஒரு பொடியன் ரொட்டியைக் கடித்தபடி கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

“செல்லாயி பிள்ளை எங்க?”

“இவன்தாங்க,” என்றாள் ஆயா.

“இவனா? வாய் நிறையப் பல்லு இருக்கே!”

“பால் மறந்து ஒரு வருசமாச்சுங்க.”

செல்லாயி சுவருக்குப் பின்னால் ஒரு கல்லில் தனியே உட்கார்ந்திருந்தாள். கங்காணியைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

“இங்க என்ன பண்றே?”

“யோசிக்கிறேங்க. இந்தியாவுக்குப் போறியா, இலங்கையிலேயே இருக்கியான்னு வீட்டுக்காரரு கேக்குறாரு, மாமியா கேக்குது, லயத்துச் சனமே கேக்குது. என்னைய நானே கேட்டுக்கத்தான் நேரமில்ல.”

“சரி, என்ன முடிவு?”

“இருக்கிறதுன்னு இன்னைக்குத்தான் மனசு சொல்லுச்சு. அரைப் பேர் போடுறதுன்னா போட்டுக்குங்க.”

கந்தப்பன் வீட்டிலும் அதே கேள்விதான். ‘பிறகு பாக்கலாம்’ என்று மாதக்கணக்காகத் தட்டிக் கழித்துவந்தார்.

“முழுப் பேர்தான், மலைக்குப் போ,” என்றவர், அவள் போனதும் அந்தக் கல்லில் உட்கார்ந்தார்.